துப்பறியும் நாவல் திரைக்கு வரும்போது: எது மாறுகிறது, எதை வைத்து மதிப்பிடுவது?

பழைய துப்பறியும் நாவல் ஒன்று படமாகவோ தொடராகவோ வந்தால், பார்த்தவர்கள் சொல்லும் முதல் தீர்ப்பு பெரும்பாலும் இதுதான்: “நாவல் மாதிரி இல்லை.” பிடித்துப்போனவர்கள், “நாவலை அப்படியே எடுத்திருக்கிறார்கள்” என்பார்கள். இரு தரப்பாருக்கும் அளவுகோல் ஒன்றே. ஆனால் நாவலில் இருக்கும் எதை அப்படியே எடுக்க வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவர் கதை நிகழ்ச்சிகளைச் சொல்வார், இன்னொருவர் துப்பறிபவரின் தோற்றத்தை, மற்றொருவர் முடிவை.

டேஷியல் ஹேமட்டின் ‘தி மால்டீஸ் ஃபால்கன்’ 1930இல் வந்த நாவல். துப்பறிபவரான சாம் ஸ்பேட் வெளிர்நிற முடி கொண்டவர், ஆறடி உயரம் என்று நாவலின் தொடக்கத்திலேயே ஹேமட் எழுதிவிடுகிறார். 1941இல் ஜான் ஹூஸ்டன் எடுத்த படத்தில் ஸ்பேடாக நடித்த ஹம்ப்ரி போகார்ட்டுக்குக் கறுத்த முடி. அவ்வளவு உயரமும் இல்லை. ஆனாலும் நாவலுக்கு மிக நெருக்கமான படங்களில் ஒன்றாக அதைத்தான் வாசகர்கள் சொல்கிறார்கள். மாறாக, அகதா கிறிஸ்டி படைத்த துப்பறியும் மூதாட்டி மிஸ் மார்ப்பிளை வைத்து 2004இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் தொடங்கிய தொடரில் வீடு, உடை, தோட்டம் எல்லாம் பழைய காலத்தை அழகாகக் காட்டின. ஆனால் சில கதைகளில் குற்றவாளி யார் என்பதையே மாற்றினார்கள். மார்ப்பிள் வராத கிறிஸ்டி நாவல்களுக்குள்ளும் அவரைக் கொண்டுவந்து வைத்தார்கள். வாசகர்கள் கொதித்துப்போனார்கள்.

முடியின் நிறம் மாறியதை மன்னித்த அதே வாசகர்கள் குற்றவாளி மாறியதை மன்னிக்கவில்லை. ஆக, ‘நாவல் மாதிரி’ என்று நாம் சொல்லும்போது உண்மையில் வேறு எதையோ தேடுகிறோம். அது என்ன என்பதை இந்தக் கட்டுரையில் படிப்படியாகப் பார்க்கலாம். எந்தக் கதையிலும் கொலையாளி யார் என்று இங்கே சொல்லப்போவதில்லை, தயங்காமல் படிக்கலாம்.

தொலைபேசியில் கேட்பதும் வீடியோவில் பார்ப்பதும்

நீங்கள் போகாத ஒரு கூட்டத்தில் பெரிய சண்டை நடந்துவிட்டது. அங்கிருந்த நண்பர் ஒருவர் தொலைபேசியில் விவரம் சொல்கிறார். அவர் சொன்னது மட்டுமே உங்களுக்குத் தெரியும். மூலையில் ஒருவர் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்ததை அவர் சொல்லவில்லையென்றால், உங்களைப் பொறுத்தவரை அப்படி ஒருவர் அங்கே இல்லவே இல்லை. நண்பர் பொய் சொல்லவில்லை, விட்டுவிட்டார், அவ்வளவுதான். பிறகு அதே கூட்டத்தின் வீடியோ கைக்கு வருகிறது. மூலையில் அந்த ஆள் உட்கார்ந்திருப்பது முதல் நொடியிலேயே கண்ணில் படுகிறது.

நாவல் அந்த நண்பரைப் போன்றது, படம் அந்த வீடியோவைப் போன்றது. துப்பறியும் கதையைப் பொறுத்தவரை இந்த வேறுபாடு அடித்தளத்தையே தொடுகிறது. காதல் கதையிலோ போர்க் கதையிலோ எழுத்தாளர் ஒரு விவரத்தை விட்டுவிட்டால் பெரிதாக எதுவும் குடிமுழுகிப் போகாது. துப்பறியும் கதையின் உயிரே எதை, எப்போது, யாருக்குச் சொல்வது என்பதில்தான் இருக்கிறது. இதைத் தகவல் வரிசை என்று வைத்துக்கொள்வோம்: வாசகருக்கு ஒவ்வொரு உண்மையும் எந்தக் கட்டத்தில் போய்ச் சேர்கிறது என்ற ஒழுங்கு.

குரைக்காத நாயை எப்படிப் படமெடுப்பது?

ஆர்தர் கானன் டாயில் 1892இல் எழுதிய ‘சில்வர் பிளேஸ்’ சிறுகதையை எடுத்துக்கொள்வோம். டார்ட்மூர் பகுதியில் உள்ள ஒரு லாயத்திலிருந்து பந்தயக் குதிரை இரவில் காணாமல் போகிறது. காவலுக்கு விழித்திருந்த பையன் சாப்பிட்ட காரமான கறியில் அபின் கலந்திருக்கிறது. அன்று மாலை ஓர் அந்நியர் லாயத்தின் ஜன்னலருகே வந்து பேச்சுக் கொடுக்கிறார். பையன் நாயை அவிழ்த்துவிட ஓடுகிறான். மாடியில் தூங்கிய மற்ற இரண்டு பையன்களுக்கு இரவு முழுவதும் எந்தச் சத்தமும் கேட்கவில்லை.

நாயை டாயில் எங்கே வைத்திருக்கிறார் என்று கவனியுங்கள். அந்நியரைத் துரத்தும் பரபரப்பின் நடுவில், ஒரே ஒரு சொற்றொடரில் நாய் வந்து போகிறது. வாசகரின் கவனம் அந்நியர்மேல் இருக்கும்போது, அங்கே ஒரு நாய் உண்டு என்ற உண்மை சத்தமில்லாமல் நம் கையில் கொடுக்கப்பட்டுவிடுகிறது. மாடியில் இருந்தவர்கள் எதையும் கேட்கவில்லை என்பது இன்னோரிடத்தில் வருகிறது. இவை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாசகர் அரிது. பிறகு துப்பறிபவரான ஷெர்லாக் ஹோம்ஸ், நாய் இரவில் எதுவும் செய்யாததுதான் விசித்திரம் என்று சுட்டிக்காட்டுகிறார். வந்தவர் நாய்க்குப் பழக்கமானவர்!

இதைத் திரையில் எப்படிக் காட்டுவது? திருட்டு நடந்த இரவைக் காட்டினால், நாய் சும்மா இருப்பதோடு வந்தவரின் உருவமும் தெரிந்துவிடும். அந்த இரவைக் காட்டாமல் விட்டால், நாய் குரைக்காததைப் பார்வையாளர் எப்படி அறிவார்? நடக்காத ஒன்றைக் காமெராவால் பிடிக்க முடியாது. நாயின் முகத்தைக் குளோசப்பில் காட்டினால் துப்பு அம்பலமாகிவிடும்; காட்டாமல் விட்டால், கடைசியில் ஹோம்ஸ் எதையோ திடீரென்று பையிலிருந்து எடுத்துப் போட்டதுபோல் ஆகிவிடும். டாயில் ஒரு சொற்றொடரில் முடித்த வேலைக்கு இயக்குநர் ஒலி, பின்னணி, வசனம் என்று புதிய வழி தேடித்தான் ஆக வேண்டும்.

மாறுவேடத்திலும் இதே சிக்கல். ‘வயதான பாதிரியார்’ என்று எழுதிவிட்டால் காகிதத்தில் அவர் பாதிரியார்தான். திரையிலோ தாடிக்குப் பின்னால் நமக்குத் தெரிந்த நடிகரின் கண்கள் இருக்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: எழுத்து சொல்லாமல் விடுவதன் மூலம் மறைக்கிறது. காமெராவுக்கு அந்த வசதி குறைவு. அதனால் நல்ல திரைவடிவம் நாவலின் துப்புகளை நகலெடுப்பதில்லை, அவற்றை வேறு இடத்தில் புதிதாக ஒளித்துவைக்கிறது. நாவலில் இல்லாத காட்சி ஒன்று படத்தில் வந்தால், அது இந்த வேலையைச் செய்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நேர்மையான ஆட்டம்

துப்பறியும் எழுத்தாளர்களுக்கு எழுதப்படாத ஒப்பந்தம் ஒன்று உண்டு: துப்பறிபவருக்குக் கிடைக்கும் துப்புகள் வாசகருக்கும் கிடைக்க வேண்டும். இதற்கு நேர்மையான ஆட்டம் என்று பெயர். பாதிரியாரும் துப்பறியும் எழுத்தாளருமான ரொனால்ட் நாக்ஸ் 1929இல் இதைப் பத்து விதிகளாக எழுதிவைத்தார். கண்டெடுத்த துப்பைத் துப்பறிபவர் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்பது அவற்றில் ஒன்று.

எல்லரி குவீன் என்ற துப்பறிபவர் வரும் நாவல்களில், முடிவுக்குச் சற்று முன்பு கதையை நிறுத்தி, “எல்லாத் துப்புகளும் உங்களிடம் வந்துவிட்டன, இனி நீங்களே கண்டுபிடிக்கலாம்” என்று வாசகருக்குச் சவால் விடும் பக்கம் வரும். 1975இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த எல்லரி குவீன் தொடரில் அதையே எடுத்தாண்டார்கள். எல்லரியாக நடித்த ஜிம் ஹட்டன் காமெராவைப் பார்த்துத் திரும்பி, “யார் என்று கண்டுபிடித்துவிட்டீர்களா?” என்ற தொனியில் பார்வையாளரிடமே பேசுவார். நாவலின் கதை நிகழ்ச்சிகளை அப்படியே எடுப்பதைவிட இது மிகப் பெரிய விசுவாசம் என்பது என் கருத்து. வாசகருக்குக் கொடுத்த மரியாதையைப் பார்வையாளருக்கும் கொடுத்திருக்கிறார்கள்.

நேர்மையான ஆட்டத்தைத் திரையில் கெடுக்கும் எதிரி ஒன்று எழுத்தில் இல்லவே இல்லை: நடிகரின் புகழ். பத்து சந்தேக நபர்களில் ஒன்பது பேர் அறிமுகமில்லாத முகங்கள், ஒருவர் மட்டும் பெரிய நட்சத்திரம் என்றால் முடிவு பாதி தெரிந்த மாதிரிதான். இவ்வளவு சின்ன வேடத்துக்கு அவரை ஏன் அழைத்தார்கள் என்று மனம் கணக்குப் போடத் தொடங்கிவிடும். 1974இல் சிட்னி லூமெட் எடுத்த ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ இதை அடியோடு கடந்தது. இங்கிரிட் பெர்க்மன், ஷான் கானரி, லாரன் பகால், ஜான் கீல்குட், வனெஸா ரெட்கிரேவ் என்று ரயில் பெட்டி முழுக்க நட்சத்திரங்கள். எல்லோருமே பிரபலம் என்றால் எவருடைய பிரபலமும் துப்பாகாது.

வேலை இழந்த வாட்சன்

எனக்கு இந்தப் பொருளில் மிகவும் பிடித்த பகுதி இது. ஹோம்ஸ் கதைகள் பெரும்பாலானவற்றில் கதைசொல்லி, ஹோம்ஸின் நண்பர் வாட்சன். நமக்கும் ஹோம்ஸுக்கும் நடுவில் நிற்கும் வடிகட்டி அவர். ஹோம்ஸ் மண்டியிட்டுத் தரையைப் பார்த்தார் என்று வாட்சன் சொல்வார். என்ன பார்த்தார் என்பது வாட்சனுக்கே தெரியாது, அதனால் நமக்கும் தெரியாது. எவ்வளவு இயல்பான மறைப்பு!

திரையில் கதைசொல்லும் வேலையைக் காமெரா எடுத்துக்கொள்கிறது. வாட்சன் ஓரமாக நிற்கும் ஆளாகிவிடுகிறார். அவருக்கு ஏதாவது வேலை கொடுக்க வேண்டுமே! 1939 முதல் 1946 வரை பேசில் ராத்போன் ஹோம்ஸாக நடித்த 14 படங்களில் நைஜல் புரூஸின் வாட்சனுக்கு நகைச்சுவை வேலை கிடைத்தது. தட்டுத் தடுமாறும், எதையும் தாமதமாகப் புரிந்துகொள்ளும் அப்பாவி மனிதர் அவர். பார்க்க இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் டாயிலின் வாட்சன் ஆப்கானிஸ்தான் போரில் காயம்பட்டுத் திரும்பிய ராணுவ மருத்துவர், நிதானமான அறிவாளி. நாக்ஸின் விதிகளிலேயே, வாட்சன் போன்ற நண்பரின் அறிவு சராசரி வாசகரின் அறிவைவிட மிக மிகச் சிறிதளவே குறைந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் ‘சிறிதளவு’ புரூஸிடம் பெரும் பள்ளமானது.

1984இல் தொடங்கிய கிரானடா தொலைக்காட்சித் தொடர் வேறு வழியைத் தேர்ந்தெடுத்தது. ஜெரமி பிரெட்டின் ஹோம்ஸுக்கு ஈடாக முதலில் டேவிட் பர்க், பிறகு எட்வர்ட் ஹார்ட்விக் என்ற இருவரும் வாட்சனைக் கூர்மையான, அக்கறையுள்ள நண்பராக நடித்தார்கள். அவரிடம் விளக்கம் தரும் பொறுப்பு குறைந்து, நட்பு கூடியது. ஹோம்ஸின் வினோதங்களை வாட்சனின் முகத்தில் படிக்கிறோம். வடிகட்டி வேறு வடிவில் திரும்பிவிட்டது. 2010இல் வந்த பிபிசியின் ‘ஷெர்லாக்’ இன்னொரு வழி கண்டது. ஹோம்ஸ் கவனிப்பவற்றைச் சொற்களாகத் திரையிலேயே மிதக்கவிட்டது. நாவலில் நமக்கு மூடப்பட்டிருந்த மண்டைக்குள் இப்போது நாமே எட்டிப் பார்க்கிறோம்.

‘நான்’ என்று சொல்லும் கதையை நேரடியாகக் காமெராவுக்கு மாற்றிப் பார்த்தவரும் உண்டு. ரேமண்ட் சாண்ட்லரின் ‘தி லேடி இன் த லேக்’ நாவலை 1947இல் ராபர்ட் மான்ட்கமரி படமாக்கியபோது, கிட்டத்தட்ட முழுப் படத்தையும் துப்பறிபவரின் கண் வழியாகவே காட்டினார். கண்ணாடியில் தெரியும்போதும், இடையிடையே நம்மிடம் நேராகப் பேசும்போதும்தான் அவருடைய முகம் தெரியும். துணிச்சலான முயற்சி, ஆனால் பார்ப்பவரை ஒட்டவிடுவதில்லை. எழுத்தில் வரும் ‘நான்’ ஒரு மனம். காமெராவில் வரும் ‘நான்’ வெறும் ஒரு ஜோடிக் கண்கள்.

சுருக்கமாக: நாவலில் கதைசொல்லி யார் என்று முதலில் கேளுங்கள். திரையில் அவருடைய வேலையை யார் செய்கிறார்கள் என்று அடுத்துக் கேளுங்கள். பல மாற்றங்களுக்கான காரணம் இந்த இரண்டு கேள்விகளிலேயே விளங்கிவிடும்.

எழுத்தாளரே இயக்குநரானால்

‘எழுத்தாளர் பார்த்தால் வருந்தியிருப்பார்’ என்று அடிக்கடி சொல்கிறோம். எழுத்தாளரும் இயக்குநரும் ஒருவராகவே இருந்தால்? சத்யஜித் ராய் வங்காளத்தில் ஃபெலுடா துப்பறியும் கதைகளை எழுதினார். ‘சோனார் கெல்லா’ நாவல் 1971இல் வந்தது. முற்பிறவி நினைவுகள் இருப்பதாகச் சொல்லும் சிறுவன் ஒருவனைச் சுற்றி நடக்கும் கதை. ஃபெலுடாவின் உறவுக்காரப் பையன் தோப்ஷே சொல்வதாக எழுதப்பட்டது. நாவலில் போலி ஆசாமி யார் என்பது கடைசிவரை புதிர்.

1974இல் ராய் அதைப் படமாக்கியபோது, அந்தப் புதிரைத் தன் கையாலேயே அவிழ்த்துவிட்டார். வில்லன்கள் செய்யும் வேலையைப் பார்வையாளர் ஆரம்பத்திலேயே கண்ணால் பார்த்துவிடுகிறார்கள். யார் என்பது நமக்குத் தெரியும், ஃபெலுடாவுக்குத் தெரியாது. அதன் பிறகு போலி ஆசாமி சிறுவனின் பக்கத்தில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒவ்வொரு காட்சியிலும் நமக்கு மூச்சு முட்டுகிறது.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. தெரியாத ஒன்று கடைசியில் வெளிப்படும்போது வருவது வியப்பு. நமக்குத் தெரிந்த ஆபத்து கதாபாத்திரத்துக்குத் தெரியாதபோது வருவது பதைப்பு. வியப்பு ஒரு கணம் இருக்கும். பதைப்பு படம் நெடுகிலும் இழுத்துச் செல்லும். ராய் தகவல் வரிசையை மாற்றி, வியப்பைக் கொடுத்துப் பதைப்பை வாங்கிக்கொண்டார். நாவலைப் படித்தவரையும் படிக்காதவரையும் ஒரே நாற்காலியில் உட்காரவைக்கும் வழி அது.

படம் நாவலைத் திருத்திய விந்தையும் இங்கே நடந்தது. ஃபெலுடாவின் நண்பர் ஜடாயுவாகச் சந்தோஷ் தத்தா நடித்த பிறகு, ராய் தன் கதைகளுக்கு வரைந்த ஓவியங்களில் ஜடாயுவின் முகமே அந்த நடிகரின் முகமாக மாறிப்போனது.

முடிவை மாற்றலாமா?

அகதா கிறிஸ்டியின் ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ நாவல் 1939இல் வந்தது. 1943இல் அதைக் கிறிஸ்டியே நாடகமாக்கியபோது, நாவலின் இருண்ட முடிவை மாற்றி வெளிச்சமான முடிவு ஒன்றை எழுதினார். ரெனே கிளேர் 1945இல் எடுத்த படம் நாடக முடிவைப் பின்பற்றியது. 1987இல் சோவியத் இயக்குநர் ஸ்டானிஸ்லாவ் கொவரூகின் எடுத்த படமும், 2015இல் வந்த பிபிசி தொடரும் நாவலின் இருட்டுக்குத் திரும்பின. இவற்றில் எது ‘அசல்’? இரண்டு முடிவுகளுமே கிறிஸ்டியின் கையெழுத்துதான்.

ஆகவே முடிவு மாறிவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிட முடியாது. ஆனால் ஒரு சோதனை உண்டு. புதிய முடிவுக்கான துப்புகள் முன்காட்சிகளில் விதைக்கப்பட்டிருக்கின்றனவா? குற்றவாளியை மட்டும் மாற்றிவிட்டு, பழைய குற்றவாளியைச் சுட்டிய துப்புகளை அப்படியே விட்டுவைத்தால் ஆட்டம் நேர்மையற்றதாகிவிடும். மார்ப்பிள் தொடர்மேல் வாசகர்களுக்கு வந்த கோபத்தில் பழக்கம் பாதி என்றால், இந்த நியாயம் மீதிப் பாதி.

மீசை, தொப்பி, பிரபலமான வசனம்

தோற்றத்தைப் பற்றிய சண்டைகளை நான் அதிகம் பொருட்படுத்துவதில்லை. கிறிஸ்டி பொருட்படுத்தினார் என்பதும் உண்மை: 1974இல் வந்த ‘மர்டர் ஆன் தி ஓரியண்ட் எக்ஸ்பிரஸ்’ படத்தில் ஆல்பர்ட் ஃபின்னி ஒட்டிக்கொண்ட மீசை, தான் எழுதிய துப்பறிபவர் புவாரோவின் மீசை அளவுக்கு மிடுக்காக இல்லை என்பது அவருடைய குறை. ஆனால் நாம் ‘அசல்’ என்று நம்பும் பல விவரங்கள் நாவலிலிருந்து வந்தவையே அல்ல. ஹோம்ஸின் அடையாளமான வேட்டைத் தொப்பி, ஓவியர் சிட்னி பேஜெட் வரைந்த படங்களின் வழியாக நிலைத்தது. “எலிமென்டரி, மை டியர் வாட்சன்” என்ற வசனம் டாயிலின் 56 சிறுகதைகளிலும் 4 நாவல்களிலும் அப்படியே எங்கும் இல்லை. நாவலைவிட, நாம் முதலில் பார்த்த வடிவமே மனத்தில் அசலாக உட்கார்ந்துவிடுகிறது. டேவிட் சூஷே 1989 முதல் 2013 வரை புவாரோவாக நடித்த தொடரைப் பார்த்து வளர்ந்தவருக்கு மற்ற புவாரோக்கள் எல்லாம் வேடமிட்டவர்களாகவே தெரிவார்கள்.

புதிர் பின்னால் நிற்கும் நாவல்கள்

இதுவரை சொன்ன சோதனைகள் எல்லா நாவல்களுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. கிறிஸ்டியின் கதையில் புதிரே முதுகெலும்பு. சாண்ட்லரிடம் நகரம், ஊழல், துப்பறிபவர் மார்லோவின் களைப்பு, அவருடைய பேச்சு ஆகியவைதான் கதை. ‘தி பிக் ஸ்லீப்’ 1946இல் படமானபோது, ஓட்டுநரைக் கொன்றது யார் என்று படக்குழு சாண்ட்லரிடம் கேட்டது. தனக்கும் தெரியாது என்றார் அவர். படம் அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. இத்தகைய நாவலிலிருந்து வரும் படத்தைத் துப்புக் கணக்கு வைத்து எடைபோடுவது வீண். மனநிலை வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

ஹேமட்டின் ‘மால்டீஸ் ஃபால்கன்’ அவ்வளவு எளிதாகத் திரைக்கு வந்ததற்கும் காரணம் இருக்கிறது. அந்த நாவலில் எந்தக் கதாபாத்திரத்தின் எண்ணமும் சொல்லப்படுவதில்லை. அவர்கள் செய்வதும் பேசுவதும் மட்டுமே எழுதப்பட்டிருக்கின்றன. ஏறத்தாழ காமெரா பார்ப்பது போலவே எழுதப்பட்ட நாவலுக்கு, முடியின் நிறம் ஒரு பொருட்டா?

முதலில் படிப்பதா, பார்ப்பதா?

புதிரே முதுகெலும்பான நாவல் என்றால், முதலில் படியுங்கள். அந்த வியப்பு ஒரு முறைதான் கிடைக்கும். எழுத்தாளர் திட்டமிட்ட வரிசையில் அதைப் பெறுவதே முறை. ஹேமட், சாண்ட்லர் என்றால் எந்த வரிசையும் சரி.

முடிவு தெரிந்த பிறகு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு, நான் எப்போதும் சொல்லும் ஒரு வழி உண்டு. படம் முடிந்ததும், குற்றவாளியாக நடித்தவர் வரும் முதல் அரைமணி நேரத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். அந்த நடிகர் ஒரே சமயத்தில் இரண்டு உண்மைகளை நடித்தாக வேண்டும்: முதல் முறை பார்ப்பவருக்கு அவர் நிரபராதி, இரண்டாம் முறை பார்ப்பவருக்குக் குற்றவாளி. கொலைச் செய்தியைக் கேட்கும்போது அவர் கை என்ன செய்கிறது, யாரைப் பார்க்காமல் தவிர்க்கிறார், துப்பறிபவர் கேள்வி கேட்டதும் பதில் ஒரு கணம் முன்னதாகவே வந்துவிடுகிறதா என்று கவனியுங்கள். அந்தக் காட்சிகள் இரண்டு விதமாகவும் பொருந்தினால், கதையில் எத்தனை மாற்றம் செய்திருந்தாலும் அந்தக் குழுவுக்குத் துப்பறியும் கதை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது.